பதினாறு துணியில் விழுந்த மலை

பிள்ளையின் மூத்திரத்துணி காயப்போட்ட கொடியில் ஒரு மலையே வந்து விழுந்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கல்லுப்பொட்டல்காரர்கள் அதை வெளியூரில் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த வருசம் கத்தரி நன்றாகக் காய்த்தது, தலைவர் வீட்டு மாடு ரெட்டைக் கன்று போட்டது, பூங்கனி வீட்டுக் கொடியில் மலை விழுந்தது என்று வரிசையோடு வரிசையாக அதையும் சொல்லிவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்பார்கள்.

விழுந்தது தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. பூங்கனி அப்போது ஐந்து மாசக் கைப்பிள்ளைக்காரி. பிள்ளைக்கு எழுத்தில் பெயர் தாரணிகா, ஊர் வாயில் பாப்பா. புருசன் சென்றாயன் பால் வண்டி ஓட்டுகிறவன்; விடியுமுன் போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவான். அவனுடைய பழைய வேட்டி இரண்டைக் கிழித்து, பதினாறு துண்டாக்கி, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்து, பிள்ளைக்குக் கட்டுவதற்கு வைத்திருந்தாள் பூங்கனி. கடையில் விற்கிற டயாப்பரைக் கட்டினால் தொடையிடுக்கில் சிவந்துபோகிறது, வேட்டித்துணிக்குச் சிவக்கவில்லை. அவள் பார்த்தது அவ்வளவுதான்.

அன்றைக்குப் பதினாறையும் துவைத்து, கொல்லையில் நாலு கொடி கட்டி, கொடிக்கு நாலாக உதறிப் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து நிமிர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணி அடித்தது. மணி பத்தரை. திரும்பிப் பார்த்தால் துணியெல்லாம் கறை. பச்சைக் கறை, பழுப்புக் கறை, நடுவில் ஒரு துணியில் மாங்கொட்டை மாதிரி கருநீலக் கறை, ஒரு ஓரத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டினதுபோல வெள்ளை. "இவ்வளவு பச்சை எம்பிள்ளை வயித்துல இருந்து வந்திருக்காதே" என்று பூங்கனி முதலில் பயந்துதான் போனாள். பிறகு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்து கல்லில் போட்டு மறுபடி சோப்புப் போட்டுக் கும்மினாள். கறை போகவில்லை. கை ஓய்ந்து உட்கார்ந்தபோது, யாரும் தேய்க்காமலே, தானாக மெல்ல மெல்ல வெளுத்துப் போய்விட்டது. மத்தியானம் ஒன்றரைக்கு மறுபடி வந்தது. மறுபடி போனது.

சோப்புக்குப் போனால் அது கறை. தானாக வந்து தானாகப் போனால் அது விருந்தாளி என்று பூங்கனி அன்று சாயங்காலமே முடிவுகட்டிவிட்டாள்.

மறுநாள் பத்தரைக்குப் பக்கத்து வீட்டுக் காமுத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினாள். காமுத்தாய் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருப்பவள், பூங்கனிக்கு அத்தை முறை, குரல் மட்டும் அடுத்த ஊர் வரைக்கும் போகும். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"ஏத்தா, இந்தா இருக்குறது நம்ம கண்மாயில்ல? காஞ்சு கிடக்குது பாரு. இது அணைத்தண்ணி. இது மலை. நீ என்னடி, கண்மாயைக் கொண்டுபோயி மலைக்கு மேல தொங்க விட்டிருக்க? எடுத்து இங்கிட்டுப் போடு."

படம் நிற்கிற பத்து நிமிசத்துக்குள் இருவரும் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். மூன்றாம் நாள் எல்லாம் பொருந்திவிட்டது. மேலே இரண்டு கொடியில் மலை, கீழே இரண்டு கொடியில் தோட்டந்துறவும் ரோடும் கண்மாயும், நடுவில் ஒரு பிடி நொய்யரிசியைக் கொட்டினதுபோல கல்லுப்பொட்டல். ஒவ்வொரு துணிக்கும் ஒவ்வொரு இடம் சொந்தம்; அந்தத் துணியில் அந்த இடம்தான் விழும். துவைக்கும்போது கலந்துபோகக் கூடாதே என்று பூங்கனி மலைத்துணிகளின் மூலையில் சிவப்பு நூலிலும் தோட்டத்துணிகளின் மூலையில் பச்சை நூலிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுத் தையல் போட்டு வைத்தாள்.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்து சகாயமேரி டீச்சர் இன்டர்வெல்லில் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் போனை எடுத்து எதையோ தேடி, கொடிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். போனிலும் அதே மலை. அதே மூலையில் அதே மேகம்.

"சேட்டிலைட் படம்மா இது. எழுநூறு கிலோமீட்டர் உசரத்துல போற ஒண்ணு காலையில பத்தரை வாக்குல எடுக்குது. இன்னொண்ணு மத்தியானம் ஒன்றரைக்கு. காட்டுத்தீப் புகை எங்க போகுது, புழுதி எங்க கிளம்புதுன்னு பாக்குறதுக்காகவே விட்டிருக்காங்க. ஆனா போன்ல நம்ம ஊர் ஒரு புள்ளி. உன் கொடியிலதான் தெருவே தெரியுது."

"அது ஏன் டீச்சர் எம்பிள்ளை துணியில வந்து விழுகுது?"

டீச்சர் கொடியை நிமிர்ந்து பார்த்தாள். "வேற எங்க விழும்?" என்றாள். "இந்த ஊர்ல தினம் பதினாறு வெள்ளைத்துணி வானத்தைப் பாத்துக் காயுறது உன் வீட்டுலதான்."

அந்தப் பதில் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அதற்கப்புறம் ஏன் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ரேஷன் கடையை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படித்தான். பத்தரைக்கு ஒரு கூட்டம், ஒன்றரைக்கு ஒரு கூட்டம். மிளகாய் காயப்போட்டவர்கள் வந்து, காய்ந்த கண்மாயிலிருந்து புழுதி கிளம்புகிறதா, கிளம்பினால் எந்தத் தெருப்பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு, மிளகாயை அள்ளுவதா விடுவதா என்று முடிவுசெய்தார்கள். கல்யாணப் பந்தல் போடுகிறவன் வந்தான். காணாமல்போன மாட்டைத் தேடிக்கொண்டு ஒருவன் வந்து, மேகம் விலகுகிற வரைக்கும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். பஞ்சாயத்துத் தலைவர் தன் வீட்டு மாடி எந்தத் துணியில் விழுகிறது என்று கேட்டு, அந்தத் துணியை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என்றார். "வச்சுக்கங்கண்ணே, கூடவே தினம் மூணு தடவை பாப்பாவையும் மடியில வச்சுக்கணும்" என்றாள் பூங்கனி. அவர் மாடி தெரிந்தவரைக்கும் போதும் என்று போய்விட்டார்.

ஏனென்றால் அதற்குள் அந்த விசயம் ஊருக்குத் தெரிந்திருந்தது. தலைவர் வாங்கிக்கொடுத்த புதுத்துணியில் ஒன்றும் விழவில்லை. பிள்ளை நனைத்த துணியில்தான் விழுந்தது. மூன்று நாள் நனையாமல் இருந்தால் அந்தத் துணி குருடாகிவிடும். இது தெரியவந்தது பூசாரியால். மூன்றாம் கொடியில் நாலாவது துணியில் மாரியம்மன் கோயில் விழுகிறது, அந்தத் துணியைப் பிள்ளையின் பின்பக்கத்தில் கட்டுவதாவது என்று முனியப்பப் பூசாரி ஒருநாள் சாமி வந்ததுபோல ஆடிவிட்டார். பூங்கனி சண்டைக்கு நிற்கவில்லை; துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவர் அதைச் சந்தனம் வைத்துப் பெட்டியில் பூட்டினார். நாலாம் நாள் பத்தரைக்கு எடுத்து விரித்தால் கோயிலும் இல்லை, கோபுரமும் இல்லை, வெறும் வேட்டித்துணி. சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்தார்.

"தாயி, இதைக் கொஞ்சம் பாப்பாவுக்குக் கட்டிவிடு."

"அம்மன் கோவிச்சுக்கிறாதா சாமி?"

"அவளும் பிள்ளை பெத்தவதான" என்றார் பூசாரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து பாப்பா நனைத்தால் தெருவே சிரித்தது. பத்தரை மணிக்கு அவள் இடுப்பில் இருக்கிற துணியில் விழுகிற இடம் அவள் இடுப்பிலேயே விழுந்ததால், அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவளைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, "எந்தங்கம், என் வாழைத்தோப்பையே இடுப்புல கட்டியிருக்கு" என்று கொஞ்சிவிட்டுப் போனார்கள். பாப்பாவும் யார் தூக்கினாலும் சிரித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் நனைத்தும் கொடுத்தாள்.

ஆனால் பூங்கனி கொடியைப் பார்த்தது மிளகாய்க்காக அல்ல, மாட்டுக்காகவும் அல்ல.

பாப்பாவுக்கு மூச்சு இரைக்கும். பிறந்த இரண்டாம் மாசத்திலிருந்தே அப்படி. புகை பட்டால், புழுதி பட்டால், விலாவுக்கு நடுவில் பள்ளம் விழ, தொண்டைக்குழி உள்ளே போக, மூச்சு விசில் மாதிரி இழுக்கும். டவுன் டாக்டரம்மா இரண்டே வார்த்தைதான் சொன்னார்கள்: "புகையில வச்சிருக்காதம்மா. தூசியில வச்சிருக்காதம்மா." மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, மாசி பங்குனியில் மலை எரிகிற சீமையில் இருந்துகொண்டு, புகை வருவதை முன்னாலேயே எப்படித் தெரிந்துகொள்வது? மூக்குக்குத் தெரிந்தபோது பிள்ளையின் நெஞ்சுக்கும் தெரிந்துவிடுகிறதே.

இப்போது தெரிந்தது. பார்க்கப் பார்க்கக் கண் பழகியது. மேகம் என்றால் கெட்டி வெள்ளை, ஓரம் வெட்டினதுபோல இருக்கும். புழுதி என்றால் கேப்பைக்கூழின் நிறம். புகை மெல்லியது, நீலம் பாய்ந்த சாம்பல். ஓரிடத்தில் ஊசிமுனையாகக் கிளம்பி, போகப் போகக் கூந்தலை விரித்துப் போட்டதுபோல அகலும். பகலெல்லாம் காற்று மலையேறும், புகையும் அதோடு ஏறிப்போகும். பொழுது சாய்ந்தால் காற்று மலையிறங்கும், புகையும் அதோடு ஊருக்குள் இறங்கும். ஆகவே காலையில் மலைத்துணியில் சாம்பல் மயிர் ஒன்று தெரிந்தாலே, ஒன்றரைக்குச் சென்றாயன் சாப்பிட வரும்போது பூங்கனி பையைக் கட்டிவைத்திருப்பாள்; அவன் பால் வண்டியிலேயே தாயையும் பிள்ளையையும் பத்து மைல் தள்ளிக் கிழக்கே தன் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநாள் கூட்டிவருவான். மாசி மாசம் அப்படி ஆறு தடவை போனார்கள். ஆறு தடவையும் பாப்பா பூனைக்குட்டிபோலச் சத்தமில்லாமல் தூங்கினாள். சித்திதான், "என்னடி, மேகத்தைப் பாத்து மாமியா வீட்டுக்கு வர்றவ நீ ஒருத்திதான்" என்று கேலி பேசினாள்.

பூங்கனியின் அண்ணன் ஒச்சப்பன் மட்டும் கொடியைப் பார்த்ததே இல்லை. அவன் மலையடியில் யானைப்பாறைக்குப் பக்கத்தில் எண்பது ஆட்டை வைத்துக் கிடை போட்டிருந்தான். காலை ஆறரைக்கு ஒரு தூக்குவாளி ஆட்டுப்பாலோடு வருவான். மருமகளை முகர்ந்து பார்ப்பான். எட்டு மணிக்கெல்லாம் மலைக்குப் போய்விடுவான். மூலிகை மேய்ந்த ஆட்டுப்பாலைத் தாய் குடித்தால் பிள்ளையின் மூச்சு தெளியும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சிரு தாயி. பாலு கொஞ்சம் வத்துது. இன்னும் பத்து நாள்ல பாரு, சொம்பு நெறயக் கொண்டாறேன்."

"வெயில் காலத்துல எங்கிருந்துண்ணே வரும்?"

"அது உன் அண்ணன் பாடு" என்று சிரித்துவிட்டுப் போவான்.

இப்படியிருக்கும்போது பங்குனிப் பொங்கல் வந்தது. வெளியூர்ச் சம்பந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், வந்தால் கொடியைப் பார்க்காமல் போகமாட்டார்கள், அப்போது துணி பழுப்படித்து நின்றால் ஊருக்குத்தான் அசிங்கம் என்று காமுத்தாய்க்குத் தோன்றியது. பூங்கனி பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரம் பார்த்து, பதினாறையும் அள்ளிக்கொண்டு போய், சோற்றுக்கஞ்சியில் முக்கி, சொட்டுநீலத்தில் தாராளமாக அலசி, விறைப்பாகக் கொண்டுவந்து கொடியில் மாட்டிவிட்டாள். பத்தரைக்குப் படம் விழுந்தபோது கூடியிருந்தவர்கள் ஆவென்று வாயைத் திறந்தார்கள். கல்யாண மண்டபத்துக் காலண்டர்போல அப்படியொரு மலை! அப்படியொரு நீலம்! சம்பந்தக்காரர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள். பூங்கனியும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரே தன் கொல்லையில் நின்று பாராட்டுகிற பெருமையில், நீலத்துக்குள் நீலம் ஒளிந்திருப்பதைப் பார்க்காமல் நின்றாள். ஒன்றரைக்கும் பார்த்தாள். மலை பளிச்சென்று இருந்தது. பையைக் கட்டவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு, முளைப்பாரி கிளம்பி, கொட்டுக்காரர்கள் தெருமுனை திரும்பும்போது, காற்று மலையிறங்கியது. முதலில் ஒரு வாசனை, வதங்கின எலுமிச்சை இலையைக் கருக்கினாற்போல. அப்புறம் தெருவிளக்கைச் சுற்றி வட்டம் கட்டியது. கூட்டத்துக்குள் குலவை போட்டுக்கொண்டிருந்த பூங்கனி, தோளில் கிடந்த பிள்ளையின் மூச்சு மாறுவதை முதுகில் வைத்திருந்த கையால்தான் கேட்டாள். நெஞ்சு ஓடு ஓடென்று ஓடியது. உதடு நாவற்பழ நிறத்துக்குப் போகப் பார்த்தது.

சென்றாயன் பால் கேன்களைத் தெருவிலேயே உருட்டிவிட்டு வண்டியை எடுத்தான். டவுன் ஆஸ்பத்திரியில் சின்ன முகத்தில் சின்ன மூடி வைத்து மருந்துப்புகை பிடித்தார்கள். கெட்ட புகை போக நல்ல புகையா என்று பூங்கனி நினைத்தாள். நினைத்து அழுகையை அடக்கினாள். ஒரு மணி நேரம் பிள்ளையின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் விழுந்தது, மேடாகியது, பள்ளம் விழுந்தது, மேடாகியது. பிறகு பள்ளம் ஆழம் குறைந்தது. பிறகு பாப்பா மூடியைத் தட்டிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரியின் மிக்சர் பொட்டலத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

காமுத்தாய் மறுநாள் காலை இட்லிக்கடை போடவில்லை. பூங்கனி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"நாந்தாண்டி நீலத்தைப் போட்டேன். எங்கையில கொள்ளியை வைக்க."

"அழுகாதீங்கத்தே. நீங்க போட்டீங்க, நான் நின்னு ரசிச்சேன். எந்திரிங்க, சவுக்காரம் இருக்கா? நீலத்தை எடுக்கணும்."

இருவரும் மூன்று நாள் துணிகளை அவித்து, அலசி, வெயிலில் வாட்டி, நடுநடுவே பாப்பாவுக்குக் கட்டி நனைத்து வாங்கி, பழைய பழுப்புக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மூன்று ராத்திரியும் பிள்ளையும் தாயும் சித்தி வீட்டில் படுக்கை. அதற்குள் ஊர் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு போட்டுவிட்டது: நம் பிள்ளையின் மூச்சைப் பிடிக்கிற புகையை இனிமேல் எவன் மலையில் கிளப்பினாலும், அவன் யாராயிருந்தாலும், ஊருக்குள் ஒரு வேலைக்கும் கூப்பிடக் கூடாது, ஆட்டுக்காரனாயிருந்தால் எவர் தோட்டத்திலும் அவன் கிடை போட விடக் கூடாது. எருவுக்காகத் தோட்டத்தில் கிடை போட்டுத்தான் ஆட்டுக்காரர்கள் கோடையைக் கடத்துவது. அது இல்லையென்றால் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். புகை எங்கே கிளம்புகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டியது பூங்கனி.

ஒச்சப்பனுக்கும் சேதி போனது. "ரொம்பச் சரி" என்றான். "மலையில தீ வைக்கிறவன் மனுசனா? அவன் கையை ஒடிக்கணும்." சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

நாலாம் நாள் பத்தரைக்குக் கொல்லை நிறைய ஆள். படம் விழுந்தது. பூங்கனி மேல்கொடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். உச்சி சுத்தம். ஓடை சுத்தம். இரண்டாம் கொடியில் முதல் துணி. சிவப்பு நூலில் ஐந்து முடிச்சு. யானைப்பாறை அதில் ஒரு மிளகு அளவு இருக்கும். பாறைக்கு அடியில் கடுகு அளவில் அண்ணனின் ஆட்டுப்பட்டி. பட்டிக்கு மேல்புறம், ஊசியால் குத்தினதுபோல ஒரு புள்ளியிலிருந்து, மெல்லிசாக, நீலம் பாய்ந்த சாம்பலாக, ஒரு மயிர்.

யாருக்கும் இன்னும் தெரியவில்லை. அவளைப்போலக் கண் பழகினவர் வேறு யாருமில்லை.

"ஐயையோ, பாப்பா நனைச்சிட்டா" என்று சொல்லிவிட்டு, அந்தத் துணியைக் கொடியிலிருந்து உருவி, இடுப்பிலிருந்த பிள்ளையைக் கல்லில் கிடத்திக் கட்டிவிட்டாள் பூங்கனி. "இன்னைக்கு ஒண்ணுமில்லைங்க. மலை சுத்தமா இருக்கு. போயி வேலையைப் பாருங்க."

கூட்டம் கலைந்தது. காமுத்தாய் மட்டும் கலையவில்லை. பிள்ளையின் பழைய துணி காய்ந்துதான் இருந்தது என்பதை அவள் பார்த்திருந்தாள். பூங்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தபோது, ஒரு தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஊரைத் தாண்டினதும், "பகல்ல காத்து மேலே போகும்ல? பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"செய்யாதுத்தே. பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிரணும்."

ஒச்சப்பனுக்கு அவர்களைக் கண்டதும் கால் தரையில் நிற்கவில்லை. "ஏ மருமகளே! மாமன் வீட்டுக்கு வழி தெரிஞ்சிருச்சா உனக்கு?" என்று ஓடிவந்து பிள்ளையை வாங்கி, வேலமரத்து நிழலில் சம்மணம் போட்டு, மடியில் உட்காரவைத்துக்கொண்டான். ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்துக் கொடுத்தான். அவனுடைய கூட்டாளி வெள்ளையன் கம்பங்கூழ் கொண்டுவந்து வைத்தான். பாறைக்குப் பின்னால் சடசடவென்று ஏதோ பொரிந்துகொண்டிருந்தது.

"அங்க என்னண்ணே சத்தம்?"

"அதுவா? நம்ம போதைப்புல்லு, கசக்கினா எலுமிச்சை வாசம் அடிக்குமே, அந்தப் புல்லு. பழசு காஞ்சு கம்பியா நிக்குது, ஆடு வாய் வைக்க மாட்டேங்குது. கருக்கிவிட்டா, ஒரு மழைக்கு மெத்து மெத்துன்னு குருத்து வரும். குருத்தைத் தின்னா மடி தெறிக்கப் பாலு. எல்லாம் இந்த மகராசிக்குத்தான்."

"மலையில தீ வைக்கிறவன் கையை ஒடிக்கணும்னியாமே?"

"அது தீ" என்றான் ஒச்சப்பன், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "உச்சியில காட்டைக் கொளுத்துறானுகள்ல, அது. இது புல்லுக்குச் செய்யுற சீர். அய்யா செஞ்சாரு, நான் செய்யுறேன், மலையில மத்த மூணு கிடைக்காரனும் செய்யுறான். இதைப் போயி யாராச்சும் தீன்னு சொல்லுவாகளா?"

பூங்கனி பாப்பாவின் துணியைச் சரியாக இழுத்துவிட்டாள். வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். மணி ஒன்றரை ஆனது.

ஒச்சப்பனின் மடியில், பாப்பாவின் இடுப்பில், துணி பச்சைபிடித்தது. முதலில் அவன் என்னமோ என்று துடைக்கப் போனான். அப்புறம் குனிந்தான். யானைப்பாறை. அவனுடைய பட்டி. பட்டி மரத்தின் நிழல்கூட. எண்பது ஆடு ஓரிடத்தில் படுத்திருக்கிற வெளிறல். பட்டிக்கு மேலே அவன் காலையில் வைத்த புல்தீ, இப்போது நகம் அளவு கருகல். அதிலிருந்து அந்தச் சாம்பல் மயிர் கிளம்பி, ஏறி, அகன்று, பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கம் போனது. அவன் பிள்ளையை மெல்லத் திருப்பினான். முதுகுப்பக்கம் மலை முகட்டில் அது ஏரிபோலத் தேங்கி நின்றது. அந்த நேரம் பார்த்து பாப்பா நனைத்துவிட்டாள். ஈரம் பட்டதும் படம் இன்னும் தெளிந்தது. அவன் வேட்டிக்கும் சூடாக இறங்கியது. அவன் அசையவில்லை.

"இது எதுவரைக்கும் போகும்?"

"பொழுது இருக்கிற வரைக்கும் மேல. பொழுது சாஞ்சா எங்க வீட்டுக்கு."

"பொங்கலன்னைக்கு?"

"அன்னைக்கு வாசனை எலுமிச்சை இலை மாதிரி இருந்துச்சுண்ணே. அப்ப எனக்குப் புரியலை."

ஒச்சப்பன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். "நான் காலையில வர்றப்ப எல்லாம் நல்லாத்தான தாயி மூச்சு விடுது. இரைக்குது இரைக்குதும்பீக. நான் ஒருநாளும் கேட்டதில்லையே."

பூங்கனி தன் வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினாள். விசில்போல உள்ளே இழுத்து, பாதியில் சிக்கி, மறுபடி இழுத்து. பாப்பா அதை ஏதோ புது விளையாட்டென்று நினைத்துக் கெக்கெக்கெ என்று சிரித்தாள். ஒச்சப்பன் இரண்டாம் இழுப்பிலேயே, "போதும், போதும்" என்று பிள்ளையைக் காமுத்தாயின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து ஓடினான்.

ஓடைப்பக்கம் வேப்பங்கொப்பும் புங்கங்கொப்பும் ஒடித்துக்கொண்டு, அவன் ஒரு முனையில், வெள்ளையன் ஒரு முனையில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பூங்கனி நடுவில், தீயின் ஓரத்தை அடித்துக்கொண்டே போனார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஓடை, நடுவில் இரண்டு ஏக்கர்ப் புல். பாதி எரிந்திருந்தது, பாதி எரியக் காத்திருந்தது. அடித்த இடத்தில் மண்ணைத் தள்ளி, புகைந்த தூரில் காமுத்தாயின் குடத்துத் தண்ணீரைக் கைகையாக அள்ளித் தெளித்து, குடம் தீர்ந்ததும் ஆட்டுக்கு வைத்திருந்த தண்ணீரைக் கொட்டி, கூழ்ப்பானையையும் கவிழ்த்து, நாலரைக்குள் கடைசித் தூரையும் மிதித்து அணைத்தார்கள். மூவரும் மூக்கிலிருந்து முழங்கால் வரைக்கும் கரி. தூரத்து மரத்தடியில் காமுத்தாய், பாப்பாவுக்கு அவர்களைக் காட்டி, "அந்தா பாரு உன் ஆத்தா, அடுப்புக்குள்ள இருந்து வர்றா" என்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்துக்கு இறங்கிவரும்போது வெயில் சிவந்தது. கண்மாய்க்கரை ஆலமரத்தில் இலை திரும்பியது, காற்று மலையிறங்குகிறது. நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பூங்கனி பிள்ளையை மார்போடு அணைத்து முதுகில் கையை வைத்தாள். காற்று வந்து, முகத்தில் பட்டு, அவர்களைத் தாண்டி ஊருக்குள் போனது. அதில் ஈர மண் வாசனையும் ஆட்டு வாசனையும்தான் இருந்தன. பிள்ளையின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஒச்சப்பன் கரிக்காதை அந்தச் சின்ன முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டான். எடுத்தபோது பிள்ளையின் சட்டையில் ஒரு காதின் அச்சு கறுப்பாக இருந்தது.

"எங்கண்ணுல ஒண்ணும் படலைப்பா" என்றாள் காமுத்தாய், யாரையும் பார்க்காமல். "நான் பிள்ளைக்குக் காத்து வாங்கத்தான் வந்தேன்."

"எனக்கும் காலையில ஒண்ணும் தெரியலைண்ணே" என்றாள் பூங்கனி. "அப்படித்தான் ஊர்ல சொல்லியிருக்கேன். நீ இனிமே வைக்காம இருந்தாப் போதும்."

ஒச்சப்பன் ஊர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

"நான் வைக்க மாட்டேன். மத்த மூணு கிடைக்காரனும் வைப்பான்ல? அவனும் என்னை மாதிரி அது தீயில்லைன்னுதான நினைச்சுக்கிட்டிருக்கான்? நீ பொத்திவச்சா அவனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த செவ்வாக்கிழமை அவன் வைப்பான், நீ பையைத் தூக்கிக்கிட்டு ஓடுவ."

"கிடை போட விடமாட்டாகண்ணே. எண்பது உருப்படியை வச்சுக்கிட்டு எங்க போவ?"

"அது அப்புறம்." அவன் நின்றான். ஊரின் முதல் விளக்கு அப்போதுதான் எரிந்தது. கரி படிந்த இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டான். வேட்டியும் கரி, கை அப்படியேதான் இருந்தது. "நாளைக்குப் பத்தரைக்கு வர்றேன் தாயி. எல்லாரும் இருக்கையில கொடிக்கு முன்னால நின்னு நானே சொல்லிடுறேன். ஆனா எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல, கையை எங்க வைக்கன்னு தெரியாது. பேசி முடிக்கிற வரைக்கும் பாப்பாவை எங்கிட்டக் குடு. நனைச்சாலும் வாங்கிராத."